ஒச்சப்பனின் இருபத்து நான்கு மணி நேரம்

சேவுகம்பட்டி ஒச்சப்பன் தன் ஐம்பத்தோரு வயதுக்குள் போலீஸ் ஸ்டேஷன் படியை ஒரே ஒரு தடவைதான் மிதித்திருந்தார். அதுவும் ஆயுத பூஜைக்குச் சம்பங்கி மாலை கொடுக்கப் போனது. அப்பேர்ப்பட்டவர் மாவட்டத்திலேயே முதல் ஆளாக ஒரு புதுத் தண்டனையை வாங்கிக்கொண்டு, அதை அனுபவிக்க இடம் கிடைக்காமல் ஒரு மாதம் அலைந்தார் என்றால், அதற்குக் காரணம் ஒரு வெள்ளாட்டுக் கிடாய்.

கிடாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் அவர். விடியுமுன் பூப்பறிக்கப் போனால் பின்னாலேயே வரும். அவர் உட்கார்ந்தால் உட்காரும். வீட்டில் ஒரு தேவை வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் கறிச்சோறு போட்டார்கள். ஒச்சப்பன் ரசத்தோடு எழுந்துவிட்டார். மனசு சரியில்லாத மனிதரை அப்படியே ஊருக்கு அனுப்பக் கூடாது என்று பங்காளிகள் இரண்டு பேர் மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். அவர் குடிக்கிற ஆள் இல்லை. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்தது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தவரை நூர் முகமது பாயின் பிரியாணிக் கடை வாசனை மறித்தது. ஒச்சப்பன் நின்றார். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த அண்டாவைப் பார்த்தார். அதற்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடை வாசலில் மண்டியிட்டு, தோள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்.

"ஏறாத வரப்பேறி எளந்தழையத் தின்ன ராசா, சீரகச் சம்பாவுக்குள்ள சில்லுச் சில்லாப் போனியே" என்று அவர் எடுத்த எடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கையை இலையில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல குரல். பார்சலுக்கு நின்ற ஒரு பெண் சேர்ந்து அழுதாள். ரோட்டில் போனவர்கள் என்னவென்று பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் வாசனைக்கு உட்கார்ந்தார்கள். வியாபாரம் கூடித்தான் போனது. நூர் முகமது பாய் ஒரு ஸ்டூலைப் போட்டு ஒச்சப்பனை உட்கார வைத்தார். மோர் கொடுத்து, இது ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சந்தையில் போன வாரமே எடுத்த ஆடு, உங்கள் கிடாய் இதில் இருக்காது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒச்சப்பனும் மூக்கைச் சிந்திக்கொண்டு சமாதானமாகிவிட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

அந்த நேரம் பார்த்து மட்டன் பிரியாணி பார்சல் வாங்க இன்ஸ்பெக்டர் பாண்டியராஜ் வந்து சேர்ந்தார்.

பாண்டியராஜ் கெட்ட மனிதர் அல்ல. கை நீட்டாதவர், கை ஓங்காதவர். புதுக் குற்றவியல் சட்டங்கள் பற்றிய பயிற்சியை முடித்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். சட்டப் புத்தகத்தில் மூன்று நிறத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சிறையோ அபராதமோ இல்லாமல் சமூக சேவையைத் தண்டனையாகக் கொடுக்கலாம் என்ற பக்கத்தில் மட்டும் மூன்று நிறமும் இருந்தன. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொந்தரவு செய்வது அந்தச் சிறு குற்றங்களில் ஒன்று. மாவட்டத்தில் இதுவரை ஒருவருக்கும் அந்தத் தண்டனை கிடைக்கவில்லை. மாதா மாதம் மேலிடத்துக்கு 'இல்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த ஒச்சப்பனை இன்ஸ்பெக்டர் பார்த்தார். புதையலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் என்று பாய் பிற்பாடு சொன்னார்.

தொந்தரவு ஒன்றும் இல்லை, இன்னும் செத்த நேரம் பாடினாலும் எனக்குச் சம்மதம்தான் என்று பாய் சொல்லிப் பார்த்தார். தொந்தரவா இல்லையா என்று முடிவு செய்கிற அதிகாரம் தொந்தரவுக்கு ஆளானவருக்குக் கிடையாது என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். ஆனால் இந்தக் குற்றத்துக்கு நீதிபதியின் உத்தரவில்லாமல் கைது செய்யக் கூடாது. ஆகவே தன் பதினாறு வருட சர்வீஸில் முதல் தடவையாக அவர் ஒருவரை ஸ்டேஷனுக்கு அழைத்தார்.

"ஐயா, தங்களுக்குச் சௌகரியப்பட்டா ஸ்டேஷன் வரைக்கும் வரலாமா?"

ஒச்சப்பனை அதற்கு முன் யாரும் 'தங்களுக்கு' என்று சொன்னதில்லை. எழுந்து பின்னாலேயே போய்விட்டார்.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது புது ஏற்பாடு. ஜீவிதா என்ற காவலர் செல்போனைப் பிடித்துக்கொண்டார். எதையாவது கைப்பற்றினால்தானே வீடியோ எடுக்க முடியும்? பாட்டில் மண்டபத்துக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. கடைசியில் தோள் துண்டைக் கைப்பற்றினார்கள். கண்ணீரால் நனைந்த துண்டு என்று எழுதப் போகும்போது அது காய்ந்துவிட்டிருந்தது. குழாயில் ஒரு தடவை காட்டிவிடலாமா என்று ஜீவிதா கேட்டார். பொய்ச் சாட்சியம் தயாரிப்பதை இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. 'முன்பு நனைந்திருந்து தற்போது காய்ந்துள்ள நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்று' என்றே பதிவானது. வாக்குமூலம் எடுக்கும்போது இன்னொரு சிக்கல். போதை இறங்கிவிட்ட ஒச்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு அவ்வளவு பணிவாகப் பேசினார். வீடியோவைப் பார்த்தால் புகார் கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தது.

வழக்கு கோர்ட்டுக்கு வந்த அன்று, ஆயிரம் ரூபாய்க்குள் அபராதம் கட்டி, பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் ஒச்சப்பன் நினைத்திருந்தார். வேட்டி மடிப்பில் நோட்டும் தயாராக இருந்தது. நீதிபதி அம்மாள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டதும் ஆமாங்கம்மா என்றார். நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார். அப்போது அரசு வக்கீல் எழுந்து, ஒரு வரலாற்று வாய்ப்பை மாண்புமிகு நீதிமன்றம் நழுவவிடக் கூடாது என்று இருபது நிமிடம் பேசினார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இருபத்து நான்கு மணி நேர சமூக சேவை என்று எழுதினார். முப்பது நாளைக்குள் முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். வேலையை ஏற்பாடு செய்வது குற்றவியல் நீதிச் சீர்திருத்த ஒருங்கிணைப்புக் குழுவின் பொறுப்பு.

மூன்று நாள் வேலைதானே என்று அன்புக்கரசி சொன்னாள். அவள் ஒச்சப்பனின் மனைவி. "தோட்டத்துல பாக்காத வேலையா? நான் பூவப் பறிச்சுக்கிறேன், நீ போய்ச் செஞ்சிட்டு வா."

குழுவின் தலைவர் முனைவர் தவமணி. எதில் முனைவர் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு, மண்வெட்டி பிடிக்கத் தோதாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒச்சப்பன் போய் நின்றபோது தவமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படித் திடீரென்று வந்தால் எப்படி, தொடக்க விழா வேண்டாமா என்று கேட்டார். விழாவுக்குத் தேதி கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது.

விழா கோர்ட்டுக்கு அருகில் ஒரு காலி இடத்தில் நடந்தது. மரக்கன்று நடுவதாக ஏற்பாடு. பந்தல், நாற்காலி, மைக்செட், ஆளுயர பேனர். பேனரில் ஒச்சப்பன் படம், ஸ்டேஷனில் எடுத்தது. அதன் மேல் 'தண்டனையல்ல, தொண்டு!' என்று எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் பாண்டியராஜ் வேறொரு வேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் காலையிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முனைவர் தவமணி பேசினார்.

"பெரியோர்களே, பழைய சட்டத்தில் குற்றவாளியை நாம் தண்டித்தோம். அதனால் குற்றவாளிக்கு என்ன பயன்? நமக்குத்தான் என்ன பயன்? இன்று அவர் மேடையில் நம்மோடு அமர்ந்திருக்கிறார். இதுவே சீர்திருத்தம். இந்தத் திட்டத்துக்கு அலுவலகம் இருக்கிறது. வாகனம் இருக்கிறது. பதினோரு உறுப்பினர்கள் இருக்கிறோம். தகுதியான குற்றவாளிகள் போதுமான அளவில் முன்வரவில்லை என்பது ஒன்றே குறை. பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்."

கைதட்டினார்கள். ஒச்சப்பனுக்குச் சால்வை போர்த்தினார் இன்ஸ்பெக்டர். மாலை போட்டார்கள்; அது சம்பங்கி மாலை, வாடல் சரக்கு, ஒச்சப்பன் முகர்ந்து பார்த்தே தெரிந்துகொண்டார். கையில் ஒரு ஆப்பிள் கொடுத்தார்கள். ஐந்து மணி நேரம் போயிருந்தது. கடைசியில் குழி தோண்ட அவர் மண்வெட்டியை எடுத்தபோது, குழியெல்லாம் நேற்றே ஜேசிபி வைத்துத் தோண்டிவிட்டோம், நீங்கள் கன்றைத் தொட்டால் போதும் என்றார்கள். தொட்டார். போட்டோ எடுத்தார்கள்.

மூன்று நாள் கழித்து அவர் செல்லுக்கு அழைப்பு வந்தது. குழுவின் சட்ட ஆலோசகர் ஒரு ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார்: சமூக சேவைக்கு எந்த ஊதியமும் தரக்கூடாது என்பது சட்டம். சால்வை, மாலை, ஆப்பிள் மூன்றும் ஊதியமாகுமா என்பது கேள்வி. ஆகுமென்றால் அன்றைய மணி நேரம் செல்லாது. ஒச்சப்பன் சால்வையைத் திருப்பிக் கொண்டுபோனார். மாலை வாடிவிட்டது. ஆப்பிளைப் பஸ்ஸிலேயே தின்றுவிட்டிருந்தார். ஆப்பிளுக்கு வழியில்லாததால் ஐந்து மணி நேரமும் கணக்கிலிருந்து கழிந்தது.

ஈடாக ஒரு கல்லூரிக் கருத்தரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி. அதில் 'குற்றவாளி' என்று அட்டை ஒட்டியிருந்தது, மற்ற நாற்காலிகளில் 'பேராசிரியர்' என்று ஒட்டியிருந்த மாதிரியே. குற்றம் செய்தபோது உங்கள் மனநிலை எப்படி இருந்தது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

"எங்கிடாய நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா" என்றார் ஒச்சப்பன். மாணவி குறித்துக்கொண்டாள். அவர் சொன்னதை வைத்து ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு சட்ட ஆலோசகர் தீர்ப்புச் சொன்னார்: உட்கார்ந்திருப்பது உழைப்பாகாது. பூஜ்யம்.

மூன்றாவதாக, கோர்ட் வளாகத்தைப் பெருக்கச் சொல்லலாம் என்று குழு முடிவெடுத்தது. ஒச்சப்பனுக்குச் சந்தோஷம். ஆனால் தண்டனைக்குரிய விளக்குமாறு குழுவின் பெயரில் வாங்கப்பட வேண்டும். அதற்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். வீட்டிலிருந்து ஒன்று எடுத்துவருகிறேன் என்று அவர் சொன்னார். சொந்த விளக்குமாற்றால் பெருக்கினால் அது நன்கொடையாகிவிடும் என்றார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். முதலில் தலைக்கவசம் வந்தது. பிறகு ஒளிரும் பட்டை தைத்த மேலங்கி வந்தது. விளக்குமாறு வரவில்லை. தினமும் சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வந்து, அங்கிருந்து பஸ் மாறி, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார் ஒச்சப்பன்.

வீட்டில் அன்புக்கரசி ஒற்றை ஆளாகப் பூப்பறித்தாள். பாதி பறிக்குமுன் வெயில் ஏறி, மீதி விரிந்துவிடும். விரிந்த சம்பங்கியைச் சந்தையில் சீந்த ஆளில்லை. இருபத்தைந்தாம் நாள் அவள் கூடையைப் பொத்தென்று வைத்தாள். "நீ குடிச்சது அரை மணி நேரம். பாடுனது ஒரு மணி நேரம். கல்லு ஒடைக்கச் சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் ஒடச்சு முடிச்சிருக்கலாமேய்யா."

அது ஒச்சப்பனுக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. இருபத்தொன்பதாம் நாள், ஒரு துண்டும் பல்பொடியும் எடுத்துக்கொண்டு நேரே கிளைச் சிறைக்குப் போனார். இந்தக் குற்றத்துக்கு ஒரு நாள் சிறையும் கொடுக்கலாம் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லியிருந்தார். ஒரே ஒரு நாள் உள்ளே வைத்துக் கணக்கை முடித்துவிடுங்கள் என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். சிறை அதிகாரி மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார்.

"பெரியவரே, சிறையில நெரிசலக் குறைக்கணும்னு உத்தரவு. உள்ள இருக்கவங்களையே எப்படி வெளிய அனுப்பலாம்னு நாங்க தவிச்சுக்கிட்டு இருக்கோம். நீங்க வெளிய இருக்கணும்னுதான் இம்புட்டுச் சீர்திருத்தமும்."

"ஒரே ஒரு நாளுங்க சார். ஓரமாப் படுத்துக்கிறேன்."

"தண்டனையச் செய்யத் தவறுனாத்தான் அடுத்த பேச்சு. நீங்க இன்னும் தவறவே இல்லையே. கெடு நாளைக்கு வரைக்கும் இருக்கு."

முப்பதாம் நாள் ஒச்சப்பன் நீதிபதி அம்மாள் முன்னால் நின்றார். குழு ஒரு அறிக்கை கொடுத்திருந்தது. தடிமனான தாளில் வண்ண அச்சு. நீதிபதி அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இருநூற்றுப் பதினான்கு புகைப்படங்கள். கடைசிப் பக்கத்தில் செய்து முடித்த நேரம்: பூஜ்யம் மணி. எத்தனை நாள் வந்தீர்கள் என்று அவர் கேட்டார். எட்டு நாள் என்றார் ஒச்சப்பன். வந்து என்ன செய்தீர்கள்? உட்கார்ந்திருந்தேன்.

முனைவர் தவமணி எழுந்து, விளக்குமாறு இறுதிக் கட்டத்தில் இருப்பதாகத் தெரிவித்தார்.

கோர்ட் ஹாலில் கூட்டம் அதிகம், வெயில். வராந்தாவிலிருந்து யாரோ யாரிடமோ தண்ணீர் கேட்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது. வராந்தாவில் இரண்டு மண்பானைகள் இருந்தன. அவை காய்ந்து கிடந்து எத்தனை நாள் என்று ஒச்சப்பனுக்குத் தெரியும், அவற்றின் பக்கத்தில்தான் அவர் தினமும் உட்கார்ந்திருந்தார். நீதிபதி பேனாவை எடுத்தார். நாளை முதல் மூன்று நாள் அந்தப் பானைகளில் தண்ணீர் நிரப்பி, வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். விழா கூடாது. போட்டோ கூடாது. குழு வர வேண்டியதில்லை.

அந்த மூன்று நாளை ஒச்சப்பன் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது, தண்டனை என்றே அவருக்குத் தோன்றவில்லை. முதல் நாள் பானையைத் தேய்த்துக் கழுவினார். பின்கட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். வாய்தாவுக்கு வந்தவர்கள், வக்கீல்கள், கைவிலங்கோடு வந்தவர்கள், விலங்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே டம்ளரில் மோந்து கொடுத்தார். எட்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததில் எந்த அறையில் எந்த வழக்கு நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்களுக்கு வழியும் சொல்லி அனுப்பினார்.

ஷரீஃபாவை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். வாய்தா இல்லாத நாளிலும் தேதி விசாரிக்க வந்து வராந்தாவில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கணவர் இறந்து பல வருடம். மகன் இஷாக் மேல் ஒரு செல்போன் திருட்டு வழக்கு. மூன்றாம் நாள், இரண்டாவது டம்ளரையும் குடித்து முடித்துவிட்டு அந்த அம்மாள் தானாகவே சொன்னார். பையன் ஜாமீனில் இருக்கிறான். துபாயில் வேலைக்கு ஆள் கேட்டு வந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஒரே ஒரு சாட்சி பாக்கி. கேஸ் போட்ட அதிகாரி வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் தீர்ப்பாகிவிடும். அவர் வரவே மாட்டேன் என்கிறார். ஒன்பது வாய்தா போயிற்று.

"எப்பக் கேட்டாலும் பயிற்சியில இருக்காராம் தம்பி. போன தடவை ஏதோ விழாவாம், இங்கனதான் பக்கத்துல. அங்குட்டுப் பாட்டுச் சத்தம் கேக்குது, இங்குட்டு நாங்க உக்காந்திருக்கோம். பாண்டியராஜுன்னு பேரு."

எந்தத் தேதி என்று ஒச்சப்பன் கேட்டார். அந்த அம்மாள் சொன்னார். ஒச்சப்பனுக்குச் சால்வை போர்த்திய அன்றைக்குத்தான் இஷாக்கின் வழக்கைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். தன்னைத் திருத்துகிற வேலையில் அந்தப் பையனின் வழக்கு நின்றுபோனது என்பது அவருக்கு உறைத்தது. இன்னொரு டம்ளர் வேண்டுமா அக்கா என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் நீதிபதி சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்தவரைக் குழுவின் ஊழியர் ஒருவர் பிடித்துக்கொண்டார். கருத்துக் கேட்புப் படிவம் நிரப்ப வேண்டுமாம். தண்டனையின் தரம் எப்படி இருந்தது, ஊழியர்கள் கனிவாக நடந்தார்களா, இந்தச் சேவையை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பரிந்துரைப்பீர்களா? ஒச்சப்பன் கடைசிக் கேள்வியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பங்காளிகள் இருவரின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. 'ஆம்' என்று டிக் போட்டார்.

நான்கு நாள் பூப்பறித்தார். ஐந்தாம் நாள் சந்தைக்குச் சரக்கைப் போட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார். ஷரீஃபாவுக்கு அன்று வாய்தா என்று தெரியும். கோர்ட் பானைகள் மறுபடி காய்ந்திருந்தன. குடத்தைத் தூக்கப் போனவரை அலுவலர் ஒருவர் தடுத்தார். குற்றவாளியாக இருந்தவரை சரி, இப்போது எந்த அடிப்படையில் என்று கேட்டார். சும்மாதான் என்றார் ஒச்சப்பன். சும்மா செய்ய வருகிறவர் தன்னார்வலர். தன்னார்வலருக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். அது ஒச்சப்பனுக்குக் கிடைக்காது. அவர்தான் தண்டனை பெற்றவராயிற்றே.

ஒச்சப்பன் கடைவீதிக்குப் போய் இரண்டு மண்பானை வாங்கினார். கோர்ட் கேட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்பமரத்தடியில் மணலைக் குவித்து அதன் மேல் வைத்தார். பக்கத்து டீக்கடைக் குழாயில் தண்ணீர் பிடிக்க அனுமதி கேட்டு நிரப்பினார். பத்து மணிக்குள் ஆள் வரத் தொடங்கிவிட்டது.

மத்தியானம் ஷரீஃபாவும் மகனும் வந்தார்கள். பத்தாவது வாய்தாவும் போயிற்று, அதிகாரி வரவில்லை. அந்த அம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஜீப் வந்து நின்றது. பாண்டியராஜ் இறங்கினார். கையில் கோப்பு, நெற்றியில் வியர்வை. சீர்திருத்தக் குழுவின் காலாண்டுக் கூட்டம் முடிந்து வருகிறாராம். அங்கே டீ கொடுத்தார்கள், தண்ணீர் வைக்கவில்லை. ஒச்சப்பனைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

"ஒச்சப்பன், நீங்க இன்னும் சேவைய விடலையா? இது எந்தப் பிரிவுல வருது?"

"எதுலயும் வரலைங்க சார். குடிங்க."

இன்ஸ்பெக்டர் ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளருக்கு நீட்டினார். ஒச்சப்பன் மோந்துகொண்டே, ஏதோ பூ விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்தா உக்காந்திருக்காகளே, இவுக பேரு ஷரீஃபா. பக்கத்துல இவுக மகன் இஷாக். அந்தக் கேஸ்ல நீங்கதான் சார் கடைசிச் சாட்சி. பத்து வாய்தாவா ஒங்களத் தேடுறாக. எனக்கு நீங்க சால்வ போத்துனீகள்ல, அன்னைக்கும் அந்தக் கோர்ட்டு வராந்தாவுலதான் உக்காந்திருந்தாக."

பாண்டியராஜ் டம்ளரை வாங்கிக்கொண்டார். பதில் ஒன்று சொல்ல வாயெடுத்தார். பயிற்சி, கூட்டம், மேலிடம் என்று அதில் ஏதாவது வந்திருக்கும். ஷரீஃபா அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. பத்து தடவை காத்திருந்த பஸ் கடைசியில் வந்து நின்றால் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பானை மூடி மேல் வைத்தார். அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டார்.

"பதினாலாந் தேதி சார்" என்றான் இஷாக்.

அவர் கோப்பைத் திறந்து, காலாண்டுக் கூட்டத்தின் அழகான அறிக்கை அட்டை மேலேயே தேதியை எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அவர் வருவார் என்று ஷரீஃபா நம்பவில்லை. ஒச்சப்பனும் அவ்வளவாக நம்பவில்லை. ஆனாலும் பதினாலாம் தேதி பூவை வெள்ளென எடுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

பாண்டியராஜ் காலை ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். வராந்தா பெஞ்சில், ஷரீஃபாவுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தார். அன்றைக்குச் சீர்திருத்த நடமாடும் கண்காட்சி ஒன்று இருந்தது; தவமணி மூன்று தடவை செல்லில் கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. பதினோரு மணி ஆனது, சாப்பாட்டு நேரம் ஆனது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரு வழக்குக்காக நாள் முழுக்க இப்படி உட்கார வேண்டும் என்று அவருக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான்கு தடவை ரோட்டைத் தாண்டி வந்து வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றே முக்காலுக்கு அழைத்தார்கள். கூண்டில் ஏறினார். கேட்டதற்குப் பதில் சொன்னார். இறங்கினார்.

இரண்டு வருடமும் பத்து வாய்தாவும் காத்திருந்த அந்தச் சாட்சியத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டை விட்டு வெளியே வந்த இஷாக்கிடம் ஒச்சப்பன் விசாரித்தார். அவன் செல்லை எடுத்து மணியைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னான்.

"பதினோரு நிமிஷம்ணே."